முதல் பாட்டு எது? புளூஸும் ஸ்விங்கும் யாருடைய சொத்து?

அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஜாஸ் வாத்தியக் குழு என்று ஒன்று உண்டு. 12 வயதும் 15 வயதும் ஆன பிள்ளைகள் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் ஏந்தி வரிசையாக உட்காருகிறார்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் கூடி வாசிக்கும் பெரியவர்களின் குழுக்களும் ஊர்தோறும் இருக்கின்றன. இப்படி வளர்ந்து வரும் ஒரு குழுவுக்கு எந்தப் பாட்டை முதலில் கொடுப்பது? குழுவை நடத்தும் வாத்தியாருக்கு இது வருஷா வருஷம் வரும் கேள்வி.

"தறியும் மண்வெட்டியும் பிடிக்கிற நமக்கு இந்தக் கேள்வி எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு நம்முடைய பதில் இது: இந்தச் சங்கீதம் அரண்மனையில் பிறந்ததல்ல. பருத்திக் காட்டிலே, ரயில் பாதை போடும் இடத்திலே, சிறைப் பண்ணையிலே கூலிக்காரன் வாயில் பிறந்தது. பிறகு அது சந்தைக்கு வந்தது, விலை பெற்றது, கோடிக்கணக்கில் பணம் புரட்டியது. பெற்றவனுக்கு என்ன கிடைத்தது, விற்றவனுக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு நமக்கும் புரிகிற கணக்கு. ஆகவே, ஒரு பிள்ளை முதலில் எதை வாசிக்கக் கற்கிறது, அதை யார் உண்டாக்கினார் என்று அதற்குச் சொல்லப்படுகிறதா இல்லையா என்பது சின்ன விஷயம் அல்ல.

நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வளரும் குழுவுக்கு முதல் பாட்டு புளூஸாக இருக்க வேண்டும். அடுத்தது, கவுண்ட் பேஸி, டியூக் எலிங்டன் குழுக்களின் ஸ்விங்காக இருக்க வேண்டும். பரிசுக் கோப்பைக்காகவும் சபை கைதட்டுவதற்காகவும் பகட்டான பாட்டுகளைப் பிள்ளைகளின் தலையில் கட்டுவது தவறு.

பருத்திக் காட்டில் பிறந்த பாட்டு

1865 இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய எஜமானனின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டார்கள். பருத்தியில் பாதி நிலக்காரனுக்கு. மீதிப் பாதியிலிருந்து விதை, உரம், பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கிய மாவு, துணி எல்லாம் கழியும். வருஷக் கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது ஏடு நிலக்காரன் கையில் இருக்கும். பெரும்பாலும் உழைத்தவன் பெயரில் கடன்தான் மிஞ்சும். மிசிசிப்பி ஆற்றோரத்துப் பருத்திச் சமவெளியிலே இதுதான் வாழ்க்கை. அந்த மண்ணில்தான் புளூஸ் முளைத்தது.

பருத்தி என்றால் நம் ஆலைத் தோழர்களுக்கு அன்னியப் பொருளா? 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்நாட்டுப் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்கு வராமல் நின்றது. அப்போது வெள்ளைக்கார ஆலை முதலாளிகளின் கண் இந்தியப் பருத்தியின் பக்கம் திரும்பியது. திருநெல்வேலிச் சீமைப் பஞ்சும் அந்தக் கப்பல்களில் ஏறியது. அங்கே கறுப்பு அடிமையின் வியர்வையும் இங்கே கரிசல் காட்டு உழவனின் வியர்வையும் ஒரே ஆலைக் கதிரில் நூலாகத் திரிந்தன.

புளூஸுக்குத் தாய் வேலைப் பாட்டு. ஒருவன் முன்னே பாடுவான். கூட்டம் பின்னே பதில் சொல்லும். பதில் விழும் இடத்திலே அத்தனை மண்வெட்டியும் ஒன்றாக விழும், அல்லது ரயில் தண்டவாளம் ஒன்றாக நகரும். ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப் பாடல் சேகரிப்பாளர் 1947, 1948 ஆம் வருஷங்களில் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில் கைதிகள் கோடாரி வீசிக்கொண்டே பாடியதை ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பதிவுகளில் இன்றும் கோடாரிச் சத்தத்தையே தாளமாகக் கேட்கலாம். நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் அறிந்த நம் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

12 ஆவர்த்தனத்தின் கணக்கு

புளூஸின் அமைப்பு எளிது. நாலு தட்டுக் கொண்ட ஆவர்த்தனம் 12. அதை மூன்று வரியாகப் பிரிப்பார்கள். வரிக்கு 4 ஆவர்த்தனம். முதல் வரியில் பாடகன் ஒரு குறையைச் சொல்கிறான். இரண்டாம் வரியில் அதையே திரும்பச் சொல்கிறான். மூன்றாம் வரியில் அதற்குப் பதில் சொல்கிறான், அல்லது அதைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒவ்வொரு வரியிலும் பாதிதான் பாட்டு. மீதிப் பாதியில் வாத்தியம் பதில் பேசும். கூட்டம் பதில் சொன்ன அதே இடம்!

கீழே தாங்கும் ஸ்வரக்கூட்டு மூன்றே மூன்று. நம் வழக்கில் சொன்னால் ஷட்ஜமம், மத்யமம், பஞ்சமம் ஆகியவற்றின் மேல் கட்டியவை. முதல் 4 ஆவர்த்தனம் ஷட்ஜமத்தில் நிற்கும். அது சொந்த வீடு. 5 ஆவது ஆவர்த்தனத்தில் மத்யமத்துக்குப் போய், 7 ஆவதில் வீடு திரும்பும். 9 ஆவதில் பஞ்சமத்துக்கு ஏறி, 11 ஆவதில் மறுபடியும் வீடு. இவ்வளவுதான் வழி. ஆனால் மேலே பாடும் குரலோ காந்தாரத்தையும் நிஷாதத்தையும் நேராகப் பிடிக்காது. சற்றுத் தாழ்த்தி வளைத்துப் பிடிக்கும். அந்த வளைவிலேதான் நெஞ்சின் பாரம் இருக்கிறது.

"மூன்று ஸ்வரக்கூட்டு, 12 ஆவர்த்தனம், திரும்பத் திரும்ப அதே சுற்று, பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா?" என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். சலிக்காது. வழி தெரிந்தவனுக்குத்தான் நடையில் தைரியம் வரும். எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம் என்று குழுவில் 17 பேருக்கும் தெரிந்திருப்பதால், யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று மனத்தில் தோன்றியதை வாசிக்கலாம். ஜாஸின் உயிரே அந்தத் தனி வாசிப்புத்தான். கஷ்டமான பாட்டை எடுத்துக்கொண்டால் என்ன நடக்கிறது? கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசிப்பார்கள். மற்ற 15 பேர் நோட்டைப் பார்த்து ஊதிவிட்டு உட்காருவார்கள். அது குழு அல்ல. இரண்டு பேரின் கச்சேரி.

ஸ்விங் என்பது என்ன?

ஒரு தட்டுக்குள் இரண்டு ஸ்வரம். நோட்டில் இரண்டையும் சமமாகத்தான் எழுதியிருக்கும். ஆனால் வாசிக்கும்போது முதலாவது நீளும். இரண்டாவது குறுகி அடுத்த தட்டின் மேல் சாயும். நாலு தட்டில் இரண்டாவதும் நாலாவதும் சற்று அழுத்தம் பெறும். கீழே டபுள் பாஸ் நாலு தட்டுக்கும் நாலு அடி எடுத்து நடந்துகொண்டே இருக்கும். கேட்பவன் கால் தானே ஆடும். இதுதான் ஸ்விங்.

எவ்வளவு நீள வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு எழுத்தில் அளவு கிடையாது. வேகம் கூடக் கூட அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். ஆகவே நோட்டுக் கொடுப்பதற்கு முன்னால் பழைய இசைத்தட்டைப் போட்டுக் கேட்க வைக்க வேண்டும். கேட்டதை வாயால் பாட வைக்க வேண்டும். அதன் பிறகுதான் வாத்தியம். கேள்வி ஞானம் இல்லாமல் நோட்டை மட்டும் பார்த்து வாசித்த ஸ்விங், போலீஸ் பேண்டின் நடைபோலத்தான் இருக்கும்.

இந்த நடையைச் செதுக்கியவர்கள் பலர். அவர்களில் கான்ஸாஸ் சிட்டி வாத்தியக்காரர்களுக்குத் தனி இடம் உண்டு. பென்னி மோட்டன் 1935 இல் இறந்த பிறகு, அவர் குழுவிலிருந்த பலரைச் சேர்த்துக் கவுண்ட் பேஸி புதுக் குழு கட்டினார். அவர்களிடம் எழுதிய நோட்டு அதிகம் இல்லை. ஒருவர் ஒரு துண்டு மெட்டு ஊதுவார். சாக்ஸபோன்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். டிரம்பெட் வரிசை அதற்கு எதிர்மெட்டுப் போடும். டிராம்போன் வரிசை இன்னொன்று. இந்தத் துண்டு மெட்டுக்கு ரிஃப் என்று பெயர். இப்படிக் கூடி உருவாக்கிய ஒரு புளூஸ்தான் 1937 இல் இசைத்தட்டில் வந்த "ஒன் ஓ'கிளாக் ஜம்ப்". அதிலே பஸ்டர் ஸ்மித், எட்டி டர்ஹாம் ஆகியோருக்கும் பங்கு உண்டு என்று ஜாஸ் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பதிவான பெயரோ பேஸி ஒருவருடையதே.

அதே குழுவில் ஃபிரெடி கிரீன் என்ற கித்தார்க்காரர் இருந்தார். 1937 இல் சேர்ந்தார். 1987 இல் இறக்கும் வரை, ஏறக்குறைய 50 வருஷம், ஆவர்த்தனத்துக்கு நாலு மீட்டு மீட்டிக்கொண்டிருந்தார். தனி வாசிப்பு வாசித்தது அபூர்வம். சபையில் உட்கார்ந்தவனுக்கு அவர் சத்தம் தனியாகக் கேட்காது. ஆனால் அந்த நாலு மீட்டின் மேல்தான் மொத்தக் குழுவும் நின்றது. மூன்றாவது டிரம்பெட் வாசிக்கும் பிள்ளைக்கும், பின்வரிசை டிராம்போன் பிள்ளைக்கும் வாத்தியார் முதலில் சொல்ல வேண்டிய கதை இது.

எதை எடுப்பது? எதை ஒதுக்குவது?

காரியத்துக்கு வருவோம். முதல் பாட்டாக எலிங்டன் குழு 1942 இல் பதிவு செய்த "சி ஜாம் புளூஸ்" என்பதையே நாம் சொல்வோம். அதன் மெட்டு முழுவதும் இரண்டே ஸ்வரம்: பஞ்சமமும் மேல் ஷட்ஜமமும். ஒரு மாலையில் காதால் கேட்டே கற்றுவிடலாம். இரண்டு ஸ்வரத்தில் பாட்டா என்று அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்வரம் குறைவாக இருப்பதாலேயே, அது ஸ்விங் ஆகிறதா இல்லையா என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

அடுத்தது "ஒன் ஓ'கிளாக் ஜம்ப்". ரிஃப்பின் மேல் ரிஃப் ஏற்றுவது எப்படி, ஒரு வரிசை பேசும்போது இன்னொரு வரிசை இடம் விடுவது எப்படி என்பதை இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் பாட்டு கிடைப்பது கடினம். மூன்றாவதாக, டபிள்யூ. சி. ஹாண்டி 1914 இல் வெளியிட்ட "செயின்ட் லூயிஸ் புளூஸ்". அதிலே 12 ஆவர்த்தனப் புளூஸும் உண்டு. நடுவே கியூபாக் கரையிலிருந்து வந்த ஹபனேரா தாளமும் உண்டு. ஒரே பாட்டில் இரண்டு நடை பழகலாம்.

நீல் ஹெஃப்தி பேஸி குழுவுக்காக எழுதிய "லில் டார்லின்" மிகவும் இனிமையானது. அதை முதல் வருஷத்தில் எடுக்கக் கூடாது. காரணம், அது மிகவும் மெதுவானது. வேகமான பாட்டுத்தான் கஷ்டம் என்று நினைப்பது தவறு. மெதுவான பாட்டில் 17 பேரும் ஒரே மூச்சாக ஸ்வரத்தைத் தாமதித்து வைக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டாலும் கட்டிடம் சரியும். தலைதெறிக்கும் வேகமும் வேண்டாம். ஊர்ந்து போகும் மெதுவும் வேண்டாம். நடுநடையில் தொடங்க வேண்டும்.

இன்னும் சில விதிகள். டிரம்பெட் பிள்ளையின் உதட்டுக்கு எட்டாத உச்ச ஸ்வரம் உள்ள நோட்டை ஒதுக்குங்கள்; வலிக்க வலிக்க ஊதினால் உதடும் கெடும், சுருதியும் கெடும். குழுவில் இரண்டே டிராம்போன் இருந்தால், நாலு டிராம்போனுக்கு எழுதிய பாட்டை எடுத்துப் பாதி ஸ்வரக்கூட்டைத் தொலைக்காதீர்கள். தனி வாசிப்புக்கு இடம் ஒருவருக்கு மட்டும் இருந்தால், அந்த இடத்தைத் திறந்து நாலு பேருக்குப் பங்கிடுங்கள். புளூஸில் இது சுலபம்: இன்னொரு சுற்றுச் சுற்றினால் போதும்.

நோட்டுக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வசதியுள்ள பள்ளிக்கும் வசதியற்ற பள்ளிக்கும் உள்ள தூரம் அந்த நாட்டிலும் பெரிதுதான். நியூயார்க்கிலுள்ள "ஜாஸ் அட் லிங்கன் சென்டர்" என்ற ஸ்தாபனம் 1990-களின் நடுவிலிருந்து எலிங்டன் குழுவின் உண்மையான நோட்டுகளை உயர்நிலைப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பி வருகிறது. இது வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் நோட்டு இலவசமாக வந்தாலும் சாக்ஸபோன் இலவசமாக வருவதில்லை. பள்ளிக்குப் பணம் ஒதுக்குவது யார், எந்தப் பேட்டைக்கு எவ்வளவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பாட்டு ஒருவருடையது, லாபம் இன்னொருவருடையது

இந்தச் சரித்திரத்தைச் சொல்லாமல் பாட்டை மட்டும் சொல்லிக் கொடுப்பது பாதிப் படிப்புத்தான்.

பெஸ்ஸி ஸ்மித் புளூஸின் சக்கரவர்த்தினி என்று புகழப்பட்டவர். 1923 முதல் கொலம்பியா கம்பெனிக்குப் பாடினார். இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. அவருக்குக் கிடைத்தது பாட்டுக்கு இவ்வளவு என்ற கூலி. விற்பனையில் பங்கு கிடையாது. 1937 இல் மோட்டார் விபத்தில் மாண்டார். 1970 வரையில் அவர் புதைகுழியின் மேல் பெயர் பொறித்த ஒரு கல் இல்லை!

கவுண்ட் பேஸியின் கதை என்ன? டெக்கா கம்பெனி அவரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் 24 பக்கங்களுக்கு 750 டாலர், ராயல்டி கிடையாது. அதன் பேரில் வந்ததுதான் "ஒன் ஓ'கிளாக் ஜம்ப்". ஃபிளெச்சர் ஹெண்டர்சன் என்ற கறுப்பு மேதை தம் குழு நொடித்தபோது, 1934 முதல் தம் நோட்டுகளைப் பென்னி குட்மன் குழுவுக்கு விற்க வேண்டி வந்தது. அந்த நோட்டுகளை வாசித்துக் குட்மன் "ஸ்விங் மன்னர்" பட்டம் பெற்றார். குட்மனைத் தனி மனிதராகக் குறை சொல்லவில்லை. அவரும் சிகாகோவில் ஏழை யூதத் தையல் தொழிலாளியின் மகன். நிறவெறி உச்சத்தில் இருந்த காலத்திலே டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்ற கறுப்புக் கலைஞர்களைத் தம்முடன் மேடையில் உட்கார வைத்தவர். குற்றம் அமைப்பினுடையது. கறுப்பன் கையால் செய்த சரக்கு வெள்ளைக் கடையில்தான் விலை போகும் என்ற அமைப்பு!

வாத்தியக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைத் தொழிலாளர் சங்கம் இசைத்தட்டுக்கு வாசிப்பதை நிறுத்தியது. விற்கும் ஒவ்வொரு தட்டின் பேரிலும் ஒரு தொகையைச் சங்க நிதிக்குக் கம்பெனிகள் செலுத்த வேண்டும், அது வேலையற்ற வாத்தியக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது கோரிக்கை. 1943 இல் டெக்கா பணிந்தது. 1944 நவம்பரில் பெரிய கம்பெனிகளான விக்டரும் கொலம்பியாவும் பணிந்தன. இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தம்! ஆனால் அந்தச் சங்கத்திலும் ஒரு கறை இருந்தது. பல நகரங்களில் கறுப்பருக்கு ஒரு கிளை, வெள்ளையருக்கு ஒரு கிளை. சிகாகோவில் இரண்டு கிளைகளும் ஒன்றானது 1966 இல்தான். தொழிலாளியைப் பிரித்து வைத்தால் லாபம் யாருக்கு என்று நமக்குத் தெரியாதா?

இடதுசாரிகளின் பங்கு

1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் "ஸ்பிரிச்சுவல்ஸிலிருந்து ஸ்விங் வரை" என்ற கச்சேரி நடந்தது. ஏற்பாடு செய்தவர் ஜான் ஹாமண்ட். அதற்கு ஆதரவளித்து நடத்தியது "நியூ மாஸஸ்" என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை. சீமான்களின் சங்கீதத்துக்கென்று இருந்த மேடையிலே பருத்திக் காட்டுப் பாட்டும், பேஸியின் குழுவும் ஏறின. ராபர்ட் ஜான்சன் என்ற மிசிசிப்பி புளூஸ் கலைஞரையும் அழைக்கத் தேடினார்கள். அவரோ அந்த ஆகஸ்டிலேயே 27 வயதில் இறந்துபோயிருந்தார். அடுத்த வருஷம் பில்லி ஹாலிடே பாடிய "ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்" கறுப்பரை மரத்தில் தூக்கிக் கொல்லும் கொடுமையைப் பற்றியது. எழுதியவர் ஏபல் மீரோபோல்: பள்ளி ஆசிரியர், கம்யூனிஸ்டு. 1941 இல் பால் ராப்சன், ரிச்சர்டு ரைட் எழுதிய "கிங் ஜோ" என்ற புளூஸைப் பேஸி குழுவுடன் பாடினார். அதே ராப்சனின் பாஸ்போர்ட்டைத்தான் அமெரிக்க சர்க்கார் 1950 இல் பறித்து 1958 வரை முடக்கி வைத்தது.

நம் பக்கத்திலும் இந்தச் சங்கீதத்தைத் தவறாக எடை போட்டவர்கள் உண்டு. மாக்சிம் கார்க்கி 1928 இல் "பிராவ்தா"வில் ஜாஸைக் கொழுத்தவர்களின் சங்கீதம் என்று சாடினார். கார்க்கியிடம் நமக்குள்ள மதிப்பு மாறாதது. ஆனால் அவர் கேட்டது கொழுத்தவர்களின் விருந்து மண்டபத்தில் ஒலித்த ஜாஸை. அதைப் பெற்றெடுத்தவர்களின் குரல் அவர் காதில் விழவில்லை. பண்டம் யார் வீட்டில் இருக்கிறது என்பதைப் பார்த்து, அதைச் செய்தவன் யார் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அமெரிக்க சர்க்காரும் ஜாஸைத் தன் விளம்பரப் பலகை ஆக்கப் பார்த்தது. 1956 முதல் குழுக்களை உலகமெங்கும் அனுப்பியது. 1958 இல் டேவ் புரூபெக் குழு நம் சென்னைக்கும் வந்தது. "பாருங்கள், எங்கள் நாட்டின் சுதந்திரத்தை!" என்பது சர்க்காரின் பேச்சு. 1960 இல் அதே குழுவைத் தென் மாநிலக் கல்லூரிகள் பல, கறுப்பரான யூஜின் ரைட்டை நீக்கிவிட்டு வரச் சொன்னன. புரூபெக் மறுத்தார், கச்சேரிகள் ரத்தாயின. அதற்கு முன்பே, 1957 இல், லிட்டில் ராக் நகரில் கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விட மறுத்ததைக் கண்டு கொதித்த லூயி ஆம்ஸ்ட்ராங், சர்க்கார் ஏற்பாட்டில் சோவியத் நாட்டுக்குப் போக மாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். விளம்பரப் பலகையே வாய் திறந்து உண்மையைப் பேசியது!

ஆகவே வாத்தியார்களுக்கு நாம் சொல்வது இதுதான். புளூஸை முதலில் கொடுங்கள். அது எளிது என்பதற்காக மட்டும் அல்ல, எல்லோருக்கும் பேச இடம் கொடுக்கிறது என்பதற்காக. ஸ்விங்கை அடுத்துக் கொடுங்கள்; அது ஆட வைக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல, பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால்தான் வாசிக்க முடியும் என்பதற்காக. ஒவ்வொரு பாட்டோடும் அதை உண்டாக்கியவரின் பெயரையும், அவருக்குக் கிடைத்த கூலியையும் சொல்லுங்கள். எந்தப் பாட்டு என்று தீர்மானிக்கும்போது பின்வரிசைப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உழைப்பாளியின் பாட்டு எந்தக் கண்டத்தில் பிறந்தாலும், முதலில் இழிவு என்பார்கள், பிறகு விற்பார்கள், கடைசியில் தங்களுடையது என்பார்கள். அது யாருடையது என்பதை நாம் மறக்காமல் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.